டை ராடு வாங்கும்போது பெட்டியைப் பார்க்காதீங்க, பேரைப் பாருங்க

பிக்கப் வண்டிக்கு வெளிச் சாமான் போடுறவனைக் குறை சொல்ற ஆள் நான் இல்லை. என் வண்டியிலேயே பின் லைட்டு, சைடு கண்ணாடி, பம்பர், கதவுப் பிடி எல்லாம் வெளிக்கடைச் சாமான்தான். உடைஞ்சா இன்னொண்ணு வாங்கி மாட்டிக்கலாம். அதுவரைக்கும் வண்டி ஓடும். ஆனா ஸ்டியரிங் வீல்ல இருந்து முன் சக்கரம் வரைக்கும் இருக்கிற சாமானுக்கு இந்த நியாயம் செல்லாது. அதைக் கம்பெனியில வாங்கணுமா, வெளியில வாங்கலாமாங்கிறது எங்க பக்கம் டீக்கடையில ஓயாத பேச்சு. ரெண்டு கட்சிக்காரங்களும் பாதி உண்மையை வச்சுக்கிட்டுத்தான் சண்டை போடுறாங்கன்னு எனக்குத் தோணுது.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு இதுல என்ன வந்துச்சுன்னு கேக்கலாம். ஆத்தூர் வெத்தலை, குரும்பூர் ஏரல் பக்கத்து வாழைத்தார், சாத்தான்குளம் முருங்கைக்காய் எல்லாம் உங்க மார்க்கெட்டுக்கு வர்றது இந்த வண்டியிலதான். திருச்செந்தூருக்குக் கார்ல வர்றவங்க பழையகாயல் முக்காணி ரோட்டுல எங்களுக்கு எதிர்ல வாராங்க. எங்க வண்டியில ஒரு பால் ஜாயிண்ட் கழண்டா அது எங்களை மட்டும் பாதிக்கிற விஷயம் இல்லை.

முதல்ல சாமான் என்னன்னு சொல்லிடுறேன். நீங்க ஸ்டியரிங்கைத் திருப்பினா அந்தத் திருப்பல் ஒரு ஸ்டியரிங் பாக்ஸுக்கோ ரேக்குக்கோ போகும். அங்கிருந்து இரும்புத் தண்டு வழியா ரெண்டு முன் சக்கரத்துக்கும் போகும். அந்தத் தண்டுதான் டை ராடு. அதோட நுனியில இருக்கிறது டை ராடு எண்டு. பார்க்க நம்ம தோள்பட்டை மூட்டு மாதிரியே இருக்கும். ஒரு இரும்புக் குண்டு, அது சுத்துறதுக்கு ஒரு கிண்ணம், உள்ள கிரீஸ், வெளிய ஒரு ரப்பர் மூடி. வண்டிக்கு வண்டி அமைப்பு மாறும், ஆனா மூட்டு இல்லாத வண்டி கிடையாது. பிரேக் போகும்போது கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு ஏதாவது செய்யப் பார்க்கலாம். அந்தக் குண்டு கிண்ணத்தை விட்டு வெளிய வந்துட்டா, ஸ்டியரிங் கையில சுத்திக்கிட்டு இருக்கும், சக்கரம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகும். டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் அங்க செய்யிறதுக்கு ஒண்ணும் இல்லை.

இந்த மூட்டோட உயிர் அந்த ரப்பர் மூடியிலதான் இருக்கு. ரப்பர் கிழிஞ்சா மண்ணும் தண்ணியும் உள்ள போகும், கிரீஸ் வெளிய போகும், கிண்ணம் தேயும். மத்த ஊர்ல தண்ணின்னா மழைத்தண்ணி. எங்க கடற்கரையில அது உப்புத்தண்ணி. முத்தையாபுரம், முள்ளக்காடு தாண்டி பழையகாயல் வரைக்கும், அப்புறம் ஆறுமுகநேரி பக்கமும் ரோட்டோரம் உப்பளம். உப்பு லாரியில இருந்து சிந்துற உப்பும், துறைமுகத்துல இருந்து வர்ற நிலக்கரித் தூசியும், கடல் காத்தும் சேர்ந்து இரும்பைத் தின்னும். அதோட 2023 டிசம்பர் 17, 18 தேதி வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. எங்க பக்கம் எத்தனையோ வண்டி நாள்கணக்கில தண்ணிக்குள்ள நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் ஆயில் மாத்தினாங்க, சீட்டைக் காய வச்சாங்க, வயரிங் பார்த்தாங்க. கீழ குனிஞ்சு டை ராடு ரப்பரைப் பார்த்தவங்க குறைச்சல். உள்ள போன தண்ணி அன்னைக்கே சத்தம் போடாது. துரு பிடிச்சு, தேஞ்சு, மாசக்கணக்கில கழிச்சுத்தான் ஸ்டியரிங் ஆட ஆரம்பிக்கும்.

சரி, மாத்தணும்னு கடைக்குப் போனா என்ன கிடைக்கும்? எல்லாரும் ரெண்டு வகைன்னு பேசுறாங்க, கம்பெனி சாமான், லோக்கல் சாமான்னு. உண்மையில மூணு வகை. முதலாவது, வண்டிக் கம்பெனி பெட்டியில அவங்க பேரோட வர்றது. ரெண்டாவது, அந்தச் சாமானைச் செய்யிற தொழிற்சாலை தன் சொந்தப் பேர்ல வெளிச்சந்தைக்கு விக்கிறது. மூணாவது, யார் செஞ்சதுன்னே தெரியாதது. இந்த மூணாவதுலயே ரெண்டு தினுசு உண்டு. ஒண்ணு பேரே இல்லாம பிளாஸ்டிக் பையில வரும். இன்னொண்ணு அடுத்தவன் பேரைத் திருடி அச்சடிச்ச பெட்டியில வரும்.

நிறையப் பேருக்கு அந்த ரெண்டாவது வகை இருக்கிறதே தெரியாது. வண்டிக் கம்பெனிக்காரங்க எல்லாச் சாமானையும் தானே செய்யிறது இல்லை. ஸ்டியரிங் சாமானை அதுக்குன்னே இருக்கிற தொழிற்சாலைங்க செஞ்சு கொடுக்கும். நம்ம சென்னையில 1929-ல ஆரம்பிச்ச ரானே அப்படி ஒரு கம்பெனி. ஸ்டியரிங் கியர், டை ராடு, பால் ஜாயிண்ட் எல்லாம் வண்டிக் கம்பெனிகளுக்கும் செஞ்சு கொடுக்குது, தன் பேர்ல கடைக்கும் கொடுக்குது. நான் அவங்களுக்கு விளம்பரம் பண்ணலை, இது மாதிரி வேற கம்பெனிகளும் உண்டு. உங்க வண்டி மாடலுக்கு யார் செஞ்சு கொடுக்கிறாங்கன்னு நல்ல மெக்கானிக்கைக் கேட்டா சொல்லுவார். அந்தப் பேர்ல வெளிக்கடையில வாங்கினா அதை லோக்கல்னு சொல்றது தப்பு.

முத்துக்குப் பேர்போன கடற்கரையில இருந்துக்கிட்டு இதுக்கு வேற உதாரணம் தேட வேண்டியது இல்லை. எங்க கடல்ல அரசாங்கம் நடத்தின முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு. 1973-ல தூத்துக்குடி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல சிப்பிக்குள்ள கரு வச்சு முத்து வளர்த்துக் காட்டினாங்க. அந்த வளர்ப்பு முத்தும் சிப்பி சுரந்த முத்துதான், விளைஞ்ச இடம்தான் வேற. கண்ணாடி மணிக்கு மேல மீன் செதில் பூச்சு பூசி விக்கிறதும் முத்து மாதிரிதான் மினுங்கும், ஆனா அது முத்து இல்லை. பழைய முத்து வியாபாரிங்க கையில எடுத்துப் பார்த்தே சொல்லிடுவாங்க. டை ராடு எண்டை அப்படிக் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. குண்டு எந்த எஃகு, எவ்வளவு ஆழத்துக்குக் கடினப்படுத்தினது, உள்ள இருக்கிற கிண்ணம் என்ன பிளாஸ்டிக், ரப்பர் எத்தனை வெயிலுக்குத் தாங்கும், எதுவுமே வெளிய தெரியாது. மேல அடிச்ச கறுப்புப் பெயிண்ட் எல்லாத்துலயும் பளபளன்னுதான் இருக்கும். பொருளைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாத இடத்துல, செஞ்சவன் பேரைத்தான் பார்க்கணும்.

கம்பெனி சாமான்னா கெட்டே போகாதான்னு கேக்கிறவங்க இருக்காங்க. கெட்டுப் போகும். 2023 ஜூலையில மாருதி சுசுகி 87,599 வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டாங்க. எஸ்-பிரஸ்ஸோவும் ஈக்கோவும். ஈக்கோ எங்க ஊர்லயும் நிறைய ஓடுது. 2021 ஜூலை 5-ல இருந்து 2023 பிப்ரவரி 15 வரைக்கும் செஞ்ச வண்டிகள்ல ஸ்டியரிங் டை ராடுல ஒரு பாகம் உடைய வாய்ப்பு இருக்குன்னு அவங்களே சொன்னாங்க. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல ஆல்டோ கே10 வண்டி 2,555-ஐ ஸ்டியரிங் கியர் பாக்ஸுக்காகக் கூப்பிட்டாங்க. இதைக் காட்டி, "பாத்தீங்களா அண்ணாச்சி, கம்பெனி சாமானே இந்த லட்சணம், அப்புறம் எதுக்குக் கூட விலை?"ன்னு ஒருத்தர் கேட்டார்.

எனக்கு அந்தச் செய்தி வேற மாதிரிப் படுது. எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் செஞ்சது, எத்தனை வண்டி, யார் யார்கிட்ட இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுது. அதனால கூப்பிட்டு, பார்த்து, மாத்திக் கொடுக்க முடிஞ்சுது. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல செஞ்ச திருத்தத்துக்கு அப்புறம், பழுதான வண்டிகளைத் திரும்பக் கூப்பிடச் சொல்ற அதிகாரம் மத்திய அரசுக்கும் இருக்கு. பிளாஸ்டிக் பையில வந்த டை ராடு எண்டுல ஒரு ஆயிரம் மோசமா வார்த்தது வந்துட்டா யார் யாரைக் கூப்பிடுவாங்க? செஞ்சவனுக்கு வாங்கினவனைத் தெரியாது. வாங்கினவனுக்கு விக்கிறவனை மட்டும்தான் தெரியும், அவரும் பில் கொடுக்கலை. கூடக் கொடுக்கிற காசு சாமான் உடையவே உடையாதுங்கிறதுக்கு இல்லை. உடைஞ்சா பதில் சொல்ல ஒரு ஆள் இருக்காங்கிறதுக்கு.

அதுக்காகக் கம்பெனி பெட்டி ஒண்ணுதான் வழின்னும் நான் சொல்ல மாட்டேன். 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. உதிரிபாகத்தை வெளிச்சந்தையில தாராளமாக் கிடைக்க விடலை, செஞ்சு கொடுக்கிற தொழிற்சாலைகளை நேரா விக்க விடாமக் கட்டி வச்சாங்க, அதனால விலை ஏறுச்சுங்கிறதுதான் குற்றச்சாட்டு. அது கார் சம்பந்தப்பட்ட வழக்கு, கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கும் போனாங்க. ஆனாலும் கம்பெனி சாமான் விலையில பாதுகாப்பு மட்டும் இல்லை, வேறயும் சேர்ந்திருக்குங்கிற சந்தேகம் எங்களுக்கு மட்டும் வந்தது இல்லைன்னு அதுல தெரியுது.

இன்னொண்ணும் சொல்லணும். கம்பெனியில வர்ற மூட்டு நிறைய இப்ப சீல் பண்ணி வருது, கிரீஸ் அடிக்க வழி கிடையாது. வெளிச்சந்தையில நல்ல பேர்ல வர்ற சிலதுல கிரீஸ் நிப்பிள் இருக்கு. எங்க உப்புக்காட்டுல அது நல்லது. புது கிரீஸ் அடிச்சா உள்ள புகுந்த தண்ணியும் அழுக்கும் வெளிய வந்துரும். அதுக்கு மாசம் ஒருதடவை கிரீஸ் துப்பாக்கியை எடுக்கிற பழக்கம் வேணும். அந்தப் பழக்கம் இருக்கிறவருக்கு ரெண்டாவது வகை தாராளமாப் போதும். வாரண்டி முடியாத வண்டின்னா வம்பே வேண்டாம், கம்பெனி சாமானையே போடுங்க.

காயலான் கடைச் சாமானைப் பத்தி ஒரு வார்த்தை. காயல்பட்டினத்துக்காரங்க சென்னையில பழைய சாமான் கடை வச்சதாலதான் அந்தப் பேரே வந்துச்சுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. கதவு, டாலா, ரேடியேட்டர் கிரில்லு எல்லாம் அங்க வாங்கலாம். ஸ்டியரிங் சாமான் வாங்கக் கூடாது. அந்த வண்டி எதுல மோதி அங்க வந்துச்சோ தெரியாது. இரும்புல விழுந்த மயிர்க்கோடு கண்ணுக்குத் தெரியாது. அதே மாதிரி, வளைஞ்ச டை ராடைப் பழுக்கக் காய்ச்சி நிமித்துறது, வெல்டு வைக்கிறது, ஆடுற மூட்டைச் சம்மட்டியால தட்டி இறுக்குறது, இது மூணும் ரிப்பேர் கிடையாது. கடினப்படுத்தின எஃகைச் சூடாக்கினா அதோட குணமே மாறிடும்.

இவ்வளவும் தெரிஞ்சும் ஏன் எங்க ஆளுங்க பேர் இல்லாததை வாங்குறாங்க? படிக்காதவன், அசட்டை, கஞ்சத்தனம்னு டவுன்ல இருக்கிறவங்க நினைக்கிறாங்க. அப்படி இல்லை. ஒரு டை ராடு எண்டுல விலை வித்தியாசம் சில நூறு ரூபாய், சுமாரா ஒரு வாழைத்தார் விலை. அதைச் சேமிக்க உயிரைப் பணயம் வைக்கிற முட்டாள் எங்க ஊர்ல யாரும் இல்லை. முடிவு பண்றது ரெண்டு விஷயம். ஒண்ணு நேரம். தார் வெட்டி ரோட்டோரம் அடுக்கியாச்சு, வண்டி மெக்கானிக் ஷெட்டுல நிக்குது. கம்பெனி கவுண்டர் டவுன்ல இருக்கு, ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டா ரெண்டு நாளாகும். தார் ரெண்டு நாள் காத்திருக்காது. இன்னொண்ணு கடன். கம்பெனி கவுண்டர்ல கைக்காசு. பக்கத்துக் கடை அண்ணாச்சி, "கொண்டு போங்க, தார் போட்டதும் கொடுங்க"ம்பார். அவர் கையில இருக்கிறதுதான் நம்ம வண்டிக்கு வரும்.

வரியும் ஒரு காரணம். 2017-ல ஜிஎஸ்டி வந்தப்ப ஸ்டியரிங் சாமானுக்கு 28 சதவீதம் போட்டாங்க. சிகரெட்டு இருந்த அதே தட்டு. பில் இல்லாம வாங்கினா அவ்வளவும் மிச்சம்னு கடைக்காரரும் வாங்குறவரும் நினைக்கத்தான் செய்வாங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து அதை 18 ஆக்கியிருக்காங்க. நல்லதுதான். ஆனா உயிரைக் காக்கிற சாமானை இன்னும் கீழ் தட்டுக்குக் கொண்டு வரணும்கிறது என் அபிப்பிராயம். பில் கேக்கிறவன் ஏமாளி இல்லைன்னு ஆகணும்.

போலிப் பெட்டி அச்சடிக்கிறவனுக்குச் சட்டம் இல்லாம இல்லை. 1999-ஆம் வருஷத்து வர்த்தகச் சின்னச் சட்டத்துல 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000-ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு. போலி டை ராடையும் போலிச் செருப்பையும் ஒரே தராசுல நிறுக்கிற சட்டம் அது. செருப்பு அறுந்தா வெறுங்காலோட நடக்கலாம்.

நாங்களே செய்யக் கூடியதும் இருக்கு. எங்க பக்கம் ஒரே மாடல் வண்டி வச்சிருக்கிற மூணு நாலு பேர் சேர்ந்து, சீசனுக்கு முன்னாடியே ஒரு ஜோடி டை ராடு எண்டும் ரப்பரும் நல்ல பேர்ல வாங்கி ஒருத்தர் வீட்டுல வைக்கலாம். உரம் வாங்கி வைக்கலையா, அது மாதிரி. யாருக்கு உடைஞ்சாலும் எடுத்துப் போட்டுட்டு, அப்புறம் நிதானமா வாங்கி வச்சிடலாம். அவசரமும் கடனும் நம்ம கையைப் பிடிச்சு இழுக்காது.

மாசம் ஒருதடவை பார்க்கிறதுக்கு மெக்கானிக்கும் வேண்டியது இல்லை. சமதரையில வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வச்சு, முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழ ஒரு கட்டையும் முட்டுக் கொடுங்க. சக்கரத்தை இடதும் வலதுமாப் பிடிச்சு ஆட்டுங்க. தொளதொளன்னா டை ராடு பக்கம் கோளாறு. மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டும்போது ஆடினா வீல் பேரிங்கோ கிங் பின்னோ பால் ஜாயிண்டோ. ரப்பர் கிழிஞ்சிருந்தா ஆட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. மாத்தும்போது நட்டுக்குப் போடுற ஸ்பிளிட் பின் புதுசா இருக்கணும், பழையதை நிமித்திப் போட விடாதீங்க. வேலை முடிஞ்சதும் வீல் அலைன்மெண்ட். கழட்டின பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்குங்க, பெட்டியையும் பில்லையும் பத்திரமா வைங்க. பெட்டியில கியூஆர் கோடு இருந்தா போன்ல பார்த்துட்டு அப்புறம் காசு கொடுங்க.

முக்கால் டன் வண்டியில ஒண்ணரை டன் ஏத்திட்டு, மூட்டு தேஞ்சு போச்சுன்னு சாமானைத் திட்டவும் கூடாது. பின்னாடி பாரம் கூடினா முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும். பள்ளத்துல விழுற அடி எல்லாம் அந்தச் சின்னக் குண்டுலதான் இறங்கும். எந்தக் கம்பெனி பேரும் அங்க காப்பாத்தாது.

கம்பெனிகளும் அரசும் செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டுச்சு. வண்டியும் விவசாயக் கருவியும் அதுல சேர்த்தி. உரிமைன்னு இணையத்துல எழுதினா மட்டும் போதாது. ஏரல்லயும் சாத்தான்குளத்துலயும் இருக்கிற சின்னக் கடையில டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட், பிரேக் சாமான் மட்டுமாவது நல்ல பேர்ல எப்பவும் கிடைக்கணும். அந்தக் கடைக்காரருக்குக் கம்பெனி ஒரு மாசக் கடன் கொடுத்தா அவரும் எங்களுக்குக் கொடுப்பார். எஃப்சிக்கு வண்டி வரும்போது பெயிண்டும் ஸ்டிக்கரும் பார்க்கிறதோட விடாம, முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டியும் பார்க்கணும். எட்டு வருஷத்துக்கு மேல் ஆன வண்டி வருஷா வருஷம் எஃப்சிக்கு வருது. அந்த ஒரு ஆட்டு ஆட்ட ரெண்டு நிமிஷம் போதும்.

எங்க ஊர்ல காலையில அஞ்சு மணிக்கு உப்பளத்துக்கும் வயல் வேலைக்கும் போற பொம்பளைங்க லோடு வண்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டுப் போறாங்க. அப்படிப் போகக் கூடாதுதான், ஆனா வேற வண்டி இல்லாததால போறாங்க. கூலிக்குப் போற அவங்க யாரும் அந்த வண்டி டை ராடு எந்தப் பெட்டியில வந்துச்சுன்னு கேக்கப் போறது இல்லை. வண்டிக்காரன்தான் கேக்கணும். நீங்களும் வீடு மாத்தவோ, கல்யாணச் சாமான் ஏத்தவோ பிக்கப்பை வாடகைக்குப் பிடிக்கும்போது, வாடகையைக் குறைக்கச் சொல்றதுக்கு முன்னாடி, "முன் சக்கரத்து வேலை எப்பப் பார்த்தீங்க அண்ணாச்சி"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆள் கேக்கிறதுக்குள்ள பார்த்து வச்சிடுவோம்.